‘யாரால்?’ என்று கேட்ட புஷ்பம் டீச்சர்

புஷ்பம் டீச்சர் இறந்துபோனதை எனக்கு யாரும் சொல்லவில்லை. பாடி சந்திப்பில் பஸ் வெகுநேரம் நின்றது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நான், எதிர்ச் சுவரில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைச் சும்மா படித்தேன். ‘ஆழ்ந்த இரங்கலை தெரிவித்து கொள்கிறோம், முன்னாள் மாணவர்கள்’ என்று இருந்தது. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தார்கள். புஷ்பம் டீச்சர் பார்த்தால் சிவப்பு மையால் சுழித்துவிடுவாரே என்று நினைத்துக்கொண்டே மேலே பார்த்தேன். படத்தில் இருந்தது அவரேதான். அடக்கம் முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது. பக்கத்தில் இருந்தவரிடம், “இவங்க என்கூட வேலை பார்த்தவங்க” என்றேன். அவர் “அப்படியா” என்று சொல்லிவிட்டு, தன் நிறுத்தம் வருகிறதா என்று எட்டிப் பார்த்தார்.

பழைய ஆசிரியர்கள் கூடுகிற இந்தக் கூட்டத்துக்கு ஏதாவது எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். டீச்சரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல உங்களில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். நான் சொல்லவேண்டியது கொஞ்சம் வேறு. பொறுமையாகக் கேளுங்கள்.

எண்பதுகளின் நடுவில் அம்பத்தூரில் நம் பள்ளியின் தொழிற்கல்விப் பிரிவில் நான் பட்டறை ஆசிரியர். தற்காலிக வேலை. பதினொன்றாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பையன்கள் காலை முழுவதும் என்னிடம் லேத்திலும் டிரில்லிங் மெஷினிலும் நிற்பார்கள். மதியம் காக்கிச் சட்டையும் எண்ணெய்க் கையுமாகத் தமிழ் வகுப்புக்குப் போய்த் தூங்குவார்கள். அந்தத் தூங்கும் வகுப்பைத் தமிழாசிரியர்கள் ஒருவர் மாற்றி ஒருவர் தள்ளிவிட, கடைசியில் அது புதிதாக வந்த புஷ்பம் டீச்சர் தலையில் விழுந்தது. முதல் வாரமே, ‘என் பொழுதுபோக்கு’ கட்டுரை எழுதச் சொன்னபோது, ஏழுமலை என்ற பையன் எழுந்து, “டீச்சர், இது எங்களுக்கு இன்னாத்துக்கு?” என்று கேட்டிருக்கிறான். வேறு யாராக இருந்தாலும் வெளியே நிறுத்தியிருப்பார்கள்.

மறுநாள் காலை டீச்சர் குடையும் நோட்டுமாகப் பட்டறைக்கு வந்துவிட்டார். ஒவ்வொன்றையும் தொட்டுக் காட்டி, “இதுக்குப் பேர் என்ன சார்?” என்று கேட்டார். பாடப் புத்தகத்தில் ‘கடைசல் இயந்திரம்’, பையன்கள் வாயில் ‘லேத்து’. ஒரு பக்கம் அது, ஒரு பக்கம் இது என்று இரண்டையும் எழுதிக்கொண்டார். பரீட்சைத் தாளில் வந்த கடைசல் இயந்திரம் எதுவென்று தெரியாமல், தினமும் அதையே ஓட்டுகிற பையன் கேள்வியை விட்டுவிட்டு வந்த கதை நமக்குப் புதிதில்லை. “டீச்சர், லேத்துக்கு இலக்கணம் தெரியாது. அது பாட்டுக்கு ஓடும்” என்று கிண்டல் செய்தேன். “ஓடட்டும் சார். ஓட்டுறவனுக்குத் தெரியணும்” என்றார், நோட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல்.

அதற்குப் பிறகு அவர் வகுப்பில் யாரும் தூங்கவில்லை. எஸ்டேட் பக்கம் நடந்துபோய், தொழிற்சாலை வாசல்களில் ஒட்டியிருக்கும் அறிவிப்புகளைப் பார்த்து எழுதிக்கொண்டு வருவார். அவைதான் பாடம். ‘கையால் தொடாதே’ என்பது ஏவல். ‘விடுப்பு மறுக்கப்பட்டது’ என்பது செயப்பாட்டுவினை. பட்டறைக்கும் அந்த வகுப்புக்கும் நடுவில் ஒரு சுவர்தான். “‘பட்டது’ன்னு முடிஞ்சா உடனே என்ன கேக்கணும்?” என்பார். நாற்பது பையன்களும் “யாரால்?” என்று கத்துவார்கள். “பதில் இல்லாத வாக்கியத்துக்குக் கீழ கையெழுத்துப் போடாதீங்கப்பா. நாளைக்கு எங்கேயோ ஒரு ஆபீஸ்ல ஒருத்தர் தாளை நீட்டுவார். அப்ப நான் பக்கத்துல இருக்க மாட்டேன்” என்பார்.

ஆசிரியர் அறையில் அதற்கு ‘ஆயில் தமிழ்’ என்று பெயர் வைத்தார்கள். செய்யுளைக் கெடுக்கிறார், பையன்களைத் தொழிற்சங்கத்துக்குத் தயார் செய்கிறார் என்றெல்லாம் பேச்சு. டீச்சர் வந்து உட்கார்ந்தால் பெஞ்சில் இருப்பவர்கள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். பெயர் வைத்தபோது நானும் சிரித்தவன்தான். ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவர் எதிரில் உட்கார்ந்தவன் நான் ஒருவன்தான். தன் டப்பாவின் மூடியில் மீன் குழம்பு ஊற்றி என் பக்கம் தள்ளுவார். அவருக்குக் கல்யாணம் ஆகவில்லை. பூந்தமல்லியில் தம்பி குடும்பத்தோடு இருந்தார். அந்த அரை மணி நேரத்தில்தான் அவர் அன்றைக்கு வாய் விட்டுப் பேசுவார் என்று எனக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

அந்த வருடக் கடைசியில் ஒரு நாள் ஏழுமலையின் இடது கை டிரில்லிங் மெஷினின் பெல்ட்டில் சிக்கியது. இரண்டு விரல் போய்விட்டது. பெல்ட்டின் மேல் ஒரு தகரமூடி உண்டு. வேகத்தை மாற்றுவதற்காகக் காலையில் அதைக் கழற்றியிருந்தார்கள்.

இந்த வாக்கியத்தை நான் எப்படி எழுதியிருக்கிறேன், பாருங்கள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் கை அப்படித்தான் போகிறது. கழற்றியது நான். திரும்ப மாட்ட நாலு போல்ட் முடுக்கவேண்டும். மணி அடிக்கப் போகிறது, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவனும் நான்.

அன்று மாலை தலைமையாசிரியர் கேட்ட அறிக்கையில் நான் எழுதியது இது: ‘பாதுகாப்பு மூடி கழற்றப்பட்டிருந்த நிலையில், மாணவனின் கவனக்குறைவால் விபத்து ஏற்பட்டது.’ வெளியே போகும் கடிதங்களில் பிழை பார்ப்பது டீச்சரின் வேலை. மறுநாள் அதை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தார். இயந்திரம் எதுவும் ஓடவில்லை.

“கழற்றப்பட்டிருந்தது, யாரால் சார்?”

நான் துணியை எடுத்து லேத்தைத் துடைக்க ஆரம்பித்தேன்.

“முதல் பாதியில ‘ஆல்’ இல்ல. ரெண்டாம் பாதியில இருக்கு. அது பையன் மேல இருக்கு.”

“டீச்சர், எனக்கு வேலை நிரந்தரம் ஆகல. ரெண்டு பொண்ணுங்க. உங்களுக்குத் தெரியாதா?”

அவர் அந்தத் தாளை இன்னொரு முறை படித்தார். பிறகு மேசைமேல் வைத்தார். “பிழை ஒண்ணும் இல்ல சார். ஒற்றுகூடச் சரியா இருக்கு. நீங்களே கொண்டுபோய்க் குடுத்துடுங்க” என்றார். கொடுத்துவிட்டேன். ‘கவனக்குறைவு’ என்ற ஒரு சொல் போதுமானதாக இருந்தது. அப்ரண்டிஸ் தேர்வுக்குப் போன பெயர்ப் பட்டியலில் ஏழுமலை இல்லை.

டீச்சர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மறுநாள் மதியமும் டப்பாவின் மூடியில் குழம்பு ஊற்றித் தள்ளினார். என்னால்தான் சாப்பிட முடியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பட்டறையிலேயே சாப்பிட ஆரம்பித்தேன். சுவருக்கு அந்தப் பக்கம் பையன்கள் “யாரால்?” என்று கத்தும்போது மோட்டாரைப் போட்டுவிடுவேன். மறுவருடம் அவர் நசரத்பேட்டைப் பக்கம் மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். விடைபெற வந்தபோது நான் லேத்துக்கு அடியில் புகுந்து, நன்றாக இருந்த ஒன்றைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது. “வரேன் சார்” என்றார். “ம்” என்றேன். நாங்கள் கடைசியாகப் பேசியது அதுதான். என் வேலை நிரந்தரமானது. பெண்கள் கல்யாணமாகிப் போனார்கள். போன வருடம் மனைவியும் போய்விட்டாள். இப்போது மதியம் தட்டுக்கு எதிரில் யாரும் இல்லை. சாப்பிடும்போது பல நாள் டீச்சர் ஞாபகம்தான் வரும்.

போஸ்டரைப் பார்த்த வாரத்தின் ஞாயிற்றுக்கிழமை பூந்தமல்லியில் டீச்சர் வீட்டுக்குப் போனேன். ஜெபம் முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. வாசலில் ஒருவன் பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தான். இடது கையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. முன்னந்தலை வழுக்கையாகி, முப்பது வயது ஆளாக நின்றான் ஏழுமலை. கோர்ட்டுக்கு வெளியே மேசை போட்டு மனு எழுதிக் கொடுக்கிறானாம். “கம்பெனில கை போனவன், வேலை போனவன் எல்லாம் நம்மகிட்டதான் வருவான் சார். டீச்சர் சொல்லிக்குட்த்ததை வெச்சிகினுதான் எழுதினுகீறேன்” என்றான். எனக்கு ஒரு நாற்காலியை உருவிப் போட்டான். நான் உட்காரவில்லை.

“ஏழுமலை, அன்னிக்கு அந்த மூடியைக் கழட்டினது நான்தான்.”

“தெரியும் சார்” என்றான். “ஸ்பேனரை எட்த்துக் குட்த்ததே நான்தானே.”

“அப்புறம் ஏன்டா சொல்லல?”

“டீச்சர் ஆஸ்பத்திரிக்கு வந்து கேட்டாங்க, மனு எழுதலாமான்னு. நான்தான் வாணாம்னேன். சாருக்கு வேலை பூடும், ரெண்டு பொண்ணு கீதுன்னேன். அவங்களுக்கு மனசே ஆறல. ‘சரி, அவரே ஒரு நாள் வந்து சொல்லுவாரு’ன்னாங்க.” அடுக்கிய நாற்காலிகள்மேல் கையை வைத்துக்கொண்டு சிரித்தான். “வருசா வருசம் கேப்பேன் சார், உங்காளு வந்தாரான்னு. போன மாசம் படுக்கையில இருக்கசொல்லோகூட கேட்டேன். ‘வருவாருடா. வூட்டு விலாசம் தெரியாம எங்கயாவது சுத்திக்கிட்டு இருப்பாரு’ன்னாங்க.”

விலாசம் எனக்குத் தெரியும். மாற்றலாகிப் போன வருடத்திலிருந்து ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் டீச்சர் எனக்கு ஓர் அட்டை அனுப்பினார். நான் ஒன்றுக்கும் பதில் எழுதவில்லை. எதையும் தூக்கி எறியவும் இல்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்தப் பதினோரு அட்டைகள்தான். ஒவ்வொன்றின் பின்பக்கத்திலும் அவர் கையெழுத்தில் வீட்டு எண்ணும் தெருவும் இருக்கின்றன. அதற்குக் கீழே, எந்த பஸ்ஸில் ஏறவேண்டும், எங்கே இறங்கவேண்டும், இறங்கி எந்தப் பக்கம் திரும்பவேண்டும் என்று எழுதியிருக்கிறார்.