ஒரே கதவு எண்

எங்கள் வீட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டும் மிஷின் வரப்போகிறது, அது கடந்து போகும்வரை வீட்டில் யாரும் இருக்கக் கூடாது என்று சொல்ல வந்த அதிகாரி, செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டு உள்ளே வந்தார். சின்ன வயசு. அவர்மேல் கோபப்பட முடியாமல் போனதற்கு அந்தச் செருப்பும் ஒரு காரணம்.

"பயப்பட ஒண்ணுமில்ல மேடம். மிஷின் ரொம்ப ஆழத்துல போகுது. வீடு பழசுங்கறதால ஒரு முன்னெச்சரிக்கை, அவ்ளோதான். ஒரு வாரம், மிஞ்சிப்போனா பத்து நாள். தங்க இடம் நாங்களே குடுத்துடுவோம்."

"பயப்பட ஒண்ணுமில்லன்னா எதுக்கு எங்களைக் கெளப்புறீங்க?"

"ரூல் மேடம்" என்று சிரித்தார்.

மெட்ரோ வேலை எங்களுக்குப் புதிதல்ல. மயிலாப்பூரில் சில வருடங்களாகவே எந்தத் தெரு எப்போது மூடும், எப்போது திறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. பஸ் நின்ற இடத்தில் நிற்காது. ஆட்டோக்காரர் எங்கள் தெருப் பெயரைக் கேட்டதும் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார். அதெல்லாம் பழகிவிட்டது. ரயில் வரட்டும், நாலு பேருக்கு நல்லதுதானே என்று நானே பலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் அன்று அவர் போன பிறகு என்னால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன். ஜன்னலிலிருந்து மொட்டைமாடிக்குப் போனேன். பால் பொங்கி வழிந்தது.

எங்கள் வீட்டில் இரண்டு குடித்தனம். மாடியில் நானும் என் கணவரும். நான் பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்றவள்; அவரும் ஓய்வு பெற்றவர்தான். கீழே என் கணவரின் அண்ணி. அண்ணன் தவறிய பிறகு அவர் தனியாக இருக்கிறார். மகள் கோயம்புத்தூரில். நான் அவரை அக்கா என்று கூப்பிடுவேன், கூப்பிட வேண்டி வந்தால்.

சண்டை என்று எதுவும் இல்லை. வீட்டை இடித்து அடுக்குமாடி கட்டத் தரலாம் என்று நாங்கள் ஒருமுறை பேச்செடுத்தோம். "நான் போனதுக்கப்புறம் என்னவோ பண்ணிக்கோங்க" என்றார் அக்கா. அன்றிலிருந்து எங்கள் பேச்சு சுருங்கிவிட்டது. "கொரியர் வந்திருக்கு." "கேட்டைப் பூட்டிட்டேன்." அவ்வளவுதான்.

ஆனால் சொத்து வரியில் எங்கள் வீட்டுக்கு ஒரே கதவு எண். ஒரு கதவு எண்ணுக்கு ஒரு ஃபிளாட் என்பது மெட்ரோக்காரர்கள் ரூல்.

"சார், எங்க வீட்ல ரெண்டு அடுப்பு" என்று அந்த அதிகாரியிடம் சொல்லிப் பார்த்தார் என் கணவர்.

"அடுப்ப வெச்சு குடுக்க மாட்டாங்க சார். கதவு எண்ண வெச்சுதான்."

அப்படித்தான் மூன்று பேரும் தி. நகரில், ஒரு புடவைக் கடைக்கு மேலே இருந்த சர்வீஸ் ஃபிளாட்டில் போய் இறங்கினோம். இரண்டு அறை, நடுவில் ஹால், ஒரே ஒரு பாத்ரூம். காலையில் கடை திறந்ததும் கீழே ஒருவர் "வாங்கக்கா வாங்க, உள்ள வந்து பாருங்க" என்று ஆரம்பித்தால் கடை மூடும்வரை ஓயமாட்டார். மாம்பலம் ஸ்டேஷன் அறிவிப்புகள் காற்றடிக்கும்போதெல்லாம் கேட்டன. என் கணவர் ஹால் சோபாவில் பேப்பரோடு உட்கார்ந்துகொண்டார். அவருக்கு எந்த இடமும் ஒன்றுதான்.

எனக்கு அப்படி இல்லை. சமைக்கவும் அங்கே பெரிதாக ஒன்றும் இல்லை. கடைவீதியில் போய் நடந்தேன். எதுவும் வாங்கவில்லை. கூட்டம் தள்ளிய பக்கமெல்லாம் போய்த் திரும்பி வந்தேன். அதுவும் போதாமல் பஸ் ஏறி மயிலாப்பூருக்கே போனேன். எங்கள் தெருமுனையில் தகரத்தடுப்பு வைத்திருந்தார்கள். அங்கிருந்து எங்கள் வீட்டு மாடிச் சுவரும் தண்ணீர்த் தொட்டியும் மட்டும் தெரியும். மிஷின் எங்கே வந்திருக்கிறது என்று செக்யூரிட்டியிடம் கேட்பேன். அவருக்குத் தெரியாது. மறுநாளும் போய்க் கேட்பேன்.

"இன்னாம்மா, நேத்தும் வந்த, இன்னைக்கும் வந்துகீற. வூடு எங்க ஓடிப் போவப்போவுது?" என்றார் அவர்.

அக்கா அந்த ஃபிளாட்டில் தன் அறையை விட்டு அதிகம் வெளியே வரவில்லை. விடியுமுன் எழுந்து குளித்துவிடுவார். சாப்பிடக் கூப்பிட்டால் பாதி இட்லியோடு எழுந்துவிடுவார். தண்ணீர்ச் செம்பை அறை வாசலில் வைத்தால் சாயந்திரம்வரை அப்படியே இருக்கும். எங்களோடு ஒரே வீட்டில் இருக்க வேண்டியிருக்கிறதே என்ற வீம்பு என்று நினைத்தேன். எனக்கும் கோபம் வந்தது. எங்களுக்கு மட்டும் என்ன ஆசையா என்று முணுமுணுத்தேன். அவர் காதில் விழுந்திருக்கும்.

ஐந்தாவது நாளோ ஆறாவது நாளோ, என் கணவருக்கு இரவு சரியாகத் தூக்கம் வரவில்லை. இருட்டு விலகும் முன்பே ஹாலில் வந்து உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து காபி போட்டு அக்கா அறைக் கதவைத் தட்டினேன். கதவு சும்மா சாத்தியிருந்தது. உள்ளே யாரும் இல்லை. போன் கட்டிலின் மேலேயே கிடந்தது.

"அண்ணி வெளிய போனாங்க. கோயிலுக்கா இருக்கும்னு நான் கேக்கல" என்றார் இவர்.

ஒரு மணி நேரம் பார்த்தேன். பக்கத்துக் கோயிலில் இல்லை. பனகல் பூங்காவைச் சுற்றி வந்தேன். முந்தின நாள் நான் முணுமுணுத்தது மனதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கோயம்புத்தூருக்குப் போன் பண்ணலாமா, பண்ணினால் அந்தப் பெண் பதறுவாளே. எழுபதை நெருங்குகிறவர், வெறும் வயிறு. எங்கே போயிருப்பார்? நானே தினமும் எங்கே போகிறேன் என்று யோசித்தபோதுதான் உறைத்தது. மயிலாப்பூர் பஸ்ஸில் ஓடிப்போய் ஏறினேன்.

என்னைப் பார்த்ததும் செக்யூரிட்டியே தடுப்பை விட்டு வந்தார். "அந்தப் பெரியம்மா உள்ள போய்க்கினாங்கம்மா. மாத்திரை எடுத்துக்கினு உடனே வந்துர்றேன்னாங்க. ஆளக் காணோம். சார் வந்தா எனக்கு வேல பூடும். சீக்ரம் இட்டாந்துரு."

தெருவில் ஒரு ஆள் இல்லை. எல்லா வீடும் பூட்டிக் கிடந்தது. எங்கள் கேட் மட்டும் திறந்திருந்தது. கீழ் வீட்டுக்குள் போய் "அக்கா" என்றேன். பதில் இல்லை. பிறகு உள்ளேயிருந்து சத்தம் கேட்டது. வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றும் சத்தம். அவர் குளித்துக்கொண்டிருந்தார்.

அப்படியே கூடத்தில் நின்றேன். அப்போதுதான் காலில் அது தெரிந்தது. சத்தம் என்று சொல்ல முடியாது. குதிகாலில் ஒரு அதிர்வு. சமையலறை அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று உரசிக் கிணுகிணுவென்றன. உடனே அவரைக் கூப்பிட்டு வெளியே இழுத்துப் போக வேண்டும் என்று தோன்றியது. ஆனால் உள்ளே அந்தத் தண்ணீர்ச் சத்தம் அத்தனை நிதானமாக இருந்தது. கூப்பிட வாய் வரவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வந்த அக்கா என்னைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"நீ எதுக்கு வந்தே?"

"உங்களத் தேடித்தான். சொல்லிட்டு வரக் கூடாதா? எங்கெல்லாம் தேடுறது?"

"என்னன்னு சொல்லிட்டு வர்றது?" என்றார். முடியைத் துவட்டினார். பிறகு என்னைப் பார்க்காமலேயே சொன்னார். "அங்க பாத்ரூம் கதவு உன் வீட்டுக்காரர் உக்காந்திருக்கிற இடத்துக்கு நேரா இருக்கு. உள்ள ஒரு சொட்டு தண்ணி ஊத்தினாலும் ஹாலுக்குக் கேக்குது. நான் எப்படிப் போயிட்டு வருவேன்? விடியறதுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சிருவேன். அப்புறம் தண்ணியே குடிக்க மாட்டேன். இன்னைக்கு அவர் எனக்கு முன்னாடியே வந்து உக்காந்துட்டார்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேக்கா."

"உனக்கும் எனக்கும் பேச்சு இருந்தா சொல்லியிருப்பேன்."

டம்ளர்கள் மறுபடியும் உரசின. அவர் குனிந்து தரையில் உள்ளங்கையை வைத்தார். "பழைய ஃப்ரிட்ஜ் ஓடுற மாதிரி இருக்கு" என்றார். நானும் கையை வைத்துப் பார்த்தேன். அப்படித்தான் இருந்தது. வாசலிலிருந்து செக்யூரிட்டி கத்தினார். ஈரத்துணியைப் பக்கெட்டிலேயே போட்டுவிட்டு இருவரும் வெளியே ஓடிவந்தோம்.

லஸ் பக்கம் வந்ததும் அக்காவே கேட்டார், "ஒரு காபி குடிக்கலாமா?" ஹோட்டலில் உட்கார்ந்ததும் முதலில் தண்ணீரைக் குடித்தார். ஒரு டம்ளர் முழுக்க. பிறகு என் டம்ளரையும் எடுத்துக் குடித்தார். காபி, இட்லி, அப்புறம் இன்னொரு காபி. திரும்பிப் போகும் பஸ்ஸில் நல்ல கூட்டம். கண்டக்டர் பெண்களுக்கான இலவச டிக்கெட் இரண்டைக் கிழித்துக் கொடுத்தார். "இதுலதான் தனியா வந்தேன். யார்கிட்டயும் சில்லறை கேக்க வேண்டியதில்ல பாரு" என்றார் அக்கா.

ஃபிளாட்டுக்கு வந்து என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம அண்ணி" என்று மட்டும் சொன்னார். சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் மதியம்தான் வந்தார். வந்ததும் சோபாவை ஜன்னல் பக்கமாகத் திருப்பிப் போட்டார். அதன் பிறகு காலையும் மாலையும் பூங்காவில்தான் இருந்தார். பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேனை அணைக்காமல் ஓடவிட்டேன். அது போட்ட இரைச்சலில் வேறெதுவும் கேட்கவில்லை.

மிஷின் தாண்டிவிட்டது, நீங்கள் போகலாம் என்று தகவல் வந்தபோது முதலில் பெட்டியைக் கட்டியவர் அக்காதான். வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சுவரில் புது விரிசல் எதுவும் இல்லை. சமையலறைத் தரையில் ஒரு டம்ளர் விழுந்து கிடந்தது, அவ்வளவுதான். அக்கா என்னோடு அறை அறையாக வந்து பார்த்தார். மாடிக்கும் வந்தார். அவர் மாடிப்படி ஏறி எத்தனையோ வருடம் ஆகியிருந்தது.

அதே அதிகாரி அளவெடுக்க வந்தார். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் தயங்கினார்.

"இது போற லைன் மேடம். வர்ற லைன் இன்னும் பாக்கி இருக்கு. கொஞ்சம் தள்ளி, இதே வழியாத்தான் வரும். அப்ப இன்னொரு தடவ..."

என் கணவர் சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கால் தானாக ஜன்னல் பக்கம் போனது. அப்போது அக்கா முன்னால் வந்தார்.

"தம்பி, அடுத்த தடவ எனக்குத் தனி பாத்ரூம் வேணும்."

அதிகாரியின் முகம் சிவந்தது. "ஒரு கதவு எண்ணுக்கு..."

"அது எனக்குத் தெரியும். உங்க வீட்ல அம்மா இருக்காங்களா?"

"இருக்காங்கம்மா."

"அவங்கள ஒரு வாரம் அந்த ஃபிளாட்ல, கொழுந்தனார் எதிர்ல இருக்கச் சொல்லுங்க. அப்புறம் ரூல் பேசலாம்."

அவர் கிளம்பும்போது, அடையாறு பக்கம் இரண்டு பாத்ரூம் உள்ள இடம் ஒன்று இருக்கிறது, கேட்டுப் பார்க்கிறேன், வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இன்னும் தகவல் இல்லை. போன் பண்ணினால் "மேல அனுப்பியிருக்கேன்மா" என்கிறார்.

மிஷின் எப்போது வரும் என்பதும் தெரியவில்லை. தெருவில் கனமான லாரி போனால்கூட நான் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலைத் தரையில் வைத்துப் பார்க்கிறேன். போன வாரம் பாதிச் சமையலில் மூன்று முறை கீழே இறங்கிப் போனேன். வீட்டை இடிக்கும் பேச்சை அக்காவும் எடுக்கவில்லை, நாங்களும் எடுக்கவில்லை. சாயந்திரங்களில் அவர் படியடியில் நின்று மேலே பார்த்துக் கேட்கிறார்.

"ஏதாவது சொன்னாங்களா?"

"இல்லக்கா."

"சரி, வா. காபி போட்டிருக்கேன்."