கல்லுமலைக்குப் போன ஒட்டுப்பால்

மலாயாவில், ஆயர் தாவார் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பால் வெட்டிக்கொண்டிருந்தாள் செல்லாயி. சப்பான்காரன் காலத்தில் அரிசி இல்லை, துணி இல்லை. ஆனால் அவளுக்கென்று ஒரு சுகம் மட்டும் குறையாமல் இருந்தது. மூன்று வயது மகள் சொர்ணத்தின் தலைமுடிதான் அது.

பிறந்த மாதமே காய்ச்சலில் கிடந்து பிழைத்த பிள்ளை. முதல் முடி ஈப்போ கல்லுமலை முருகனுக்கு என்று அன்றைக்கே நேர்ந்துகொண்டாள். சந்நிதியில் இறக்கும்வரை கத்திரி படக்கூடாது, பட்டால் பிள்ளைக்கு ஆகாது என்பது அவள் பயம். அதற்குள் சண்டை வந்து பஸ்ஸும் நின்றது. முடி பாட்டுக்கு வளர்ந்து தோளைத் தாண்டிச் சுருண்டு தொங்கியது.

மத்தியானம் பால்வெட்டு முடிந்து வந்ததும் வாசற்படியில் உட்கார்ந்து மகளை முழங்காலுக்கு நடுவே இடுக்கிக்கொள்வாள். சொர்ணம் புழுவாய் நெளிவாள்.

"அம்மா, எறும்புக்கு யாரு தல சீவுவா?"

"அதோட அம்மா."

"அதுக்கும் இப்படித்தான் வலிக்குமா?"

பின்னல் முடியத்தான் எத்தனை கேள்வி! சாமி கும்பிடும்போது செல்லாயி சன்னமாய்ச் சொல்வாள்: "பாதை தொறந்ததும் வாரேன் முருகா. ஆனா, உனக்கு ஒண்ணும் அவசரமில்லையே?"

புருஷன் இராமசாமிக்கு அது கேட்டுவிடும். "சாமிக்கே தவண சொல்ற பொம்பள நீ ஒருத்திதான்லா!"

ஒருநாள் அவள் குளித்துவிட்டு வந்தபோது வீடு சத்தமில்லாமல் இருந்தது. பிள்ளைகள் உள்ள வீட்டில் அதைவிடப் பயம் வேறில்லை. பின்பக்கம் ஓடினாள். தூணில் சாய்ந்து சொர்ணம் ஆடாமல் அசையாமல் நின்றாள். கழுத்தில் கயிறு கட்டி ஒரு கொட்டாங்கச்சி. உச்சியிலிருந்து ரப்பர் பால் வழிந்துகொண்டிருந்தது. எதிரே ஆறு வயது மகன் மாணிக்கம், வாளியில் மிஞ்சிய பாலோடு.

"அடேய்! என்னடா செஞ்ச?"

"தங்கச்சி மரம்மா. நான் பால் வெட்டுறேன்."

"ஏன்டி, நீயாவது கத்தக்கூடாதா?"

"மரம் பேசாதுன்னு அண்ணன் சொன்னுச்சு."

தண்ணீர் ஊற்றித் தேய்த்தாள். அழுத்தித் தேய்க்கத் தேய்க்கப் பால் இறுகி, முடியெல்லாம் ஒரே ஒட்டுப்பாலாய்த் திரண்டது. பக்கத்து வீட்டுக் கருப்பம்மாள் எட்டிப்பார்த்து, "கத்திரி எடுத்துட்டு வரவா?" என்றாள்.

"ஐயோ, வேணாங்க்கா! நேர்ந்த முடி. இங்க வெட்டினா வேண்டுதல் போச்சு, பிள்ளைக்கு என்னாகுமோ!"

"அப்ப முருகன்கிட்டயே கொண்டு போய் ஒப்படைச்சிடு."

மரவள்ளிக் கிழங்கு ஏற்றும் தாவூது பாயின், கரியில் ஓடும் லோரி மறுநாள் ஈப்போ போவதாக இருந்தது. செல்லாயி மகள் தலையில் துண்டைச் சுற்றினாள். மாணிக்கத்தையும் இழுத்துக்கொண்டாள், விட்டுப்போனால் வந்து பார்க்கும்போது லயத்துப் பிள்ளைகளில் எத்தனை மரம் முளைத்திருக்குமோ!

பாதி வழியில் சப்பான் சிப்பாய் லோரியை நிறுத்தினான். எல்லோரும் இறங்கிக் குனிந்து வணங்கினார்கள். அவன் கண் சொர்ணத்தின் உப்பிய துண்டில் நின்றது. கள்ள அரிசி என்று நினைத்தானோ என்னவோ. துண்டை அவிழ்த்தான். குப்பென்று நாற்றம். முகத்தைச் சுளித்துக்கொண்டே ஒரு விரலால் அந்த உருண்டையைத் தட்டிப்பார்த்தான். சொர்ணம் அசையவில்லை.

"கும்பிடு பாப்பா," என்று பாய் கிசுகிசுத்தார்.

"மரம் கும்பிடாது பாய்," என்றாள் அவள், சத்தமாய்.

நல்லவேளை, அவனுக்குத் தமிழ் தெரியாது. மூக்கைப் பொத்திக்கொண்டு, போங்கள் என்று கையை வீசினான்.

கல்லுமலையில் நாவிதர் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "இது தலையா, தோட்டமாம்மா?" பொறுமையாய் அடிமயிரோடு வழித்தெடுத்தார். முடி முழுசாய், ஒரே உருண்டையாய்க் கழன்று வந்தது. ஒரு இழைகூடத் தோட்டத்தில் தங்கவில்லை. செல்லாயி அதைத் தட்டில் வைத்து, கண் கலங்கி, கை குவித்தாள்.

உருண்டை தட்டிலிருந்து உருண்டது. படியில் விழுந்து எகிறியது. அடுத்த படியிலும் எகிறியது. மாணிக்கம் கூவிக்கொண்டே பின்னால் ஓடினான். மொட்டைத் தலையோடு சொர்ணமும் ஓடினாள்.

"காணிக்கைய ஒதைக்கிறியாடா?" என்று அதட்டினார் பூசாரி.

"நான் ஒதைக்கல சாமி. அதுவாக் குதிக்குது!"

செல்லாயிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. முருகனும் பிள்ளைச்சாமிதானே, கோபித்துக்கொள்ள மாட்டான். உருண்டையைப் பிடுங்கி வந்து மறுபடி சந்நிதியில் வைத்தாள். தீபாராதனை முடியும்வரை, அது எழுந்து ஓடாதபடி ஒரு விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு நின்றாள்.