போணிக்கு வாங்கிய பால் டின்

எங்கள் வீட்டு அரிசி வாளிக்குள் ஒரு பழைய பால் டின் கிடக்கிறது. அதில்தான் அரிசி அளக்கிறேன். வாய்ப்பக்கம் தேய்ந்து வளைந்துவிட்டது, மேலெல்லாம் துரு. அடியில் ஓரமாக மிளகு அளவில் ஓர் ஈயப் பொட்டு. அரிசிக்குள் கையை விட்டுத் துழாவினால் முதலில் விரலில் தட்டுப்படுவது அந்தப் பொட்டுதான். என் மருமகள் இந்த டின்னைப் பல தடவை குப்பையில் போட்டுப் பார்த்துவிட்டாள். ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். "துருப்பிடிச்ச டின்னு உடம்புக்கு ஆகாது அத்தை" என்பாள். ஆகாதுதான். அது எங்கள் வீட்டுக்குள் வந்த நாளிலேயே ஆகாத டின்தான்.

ஜப்பான்காரன் காலம். நாங்கள் மலாக்காவில் காஜா பேராங்கில் குடியிருந்தோம். அப்பாவைச் சயாமுக்கு ரயில் பாதை போடப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் போகும்போது அம்மா முழுகாமல் இருந்தது அம்மாவுக்கே சரியாகத் தெரியாது, அவருக்கு எங்கே தெரியப்போகிறது? தனக்கு ஒரு மகன் பிறந்ததைத் தெரிந்துகொள்ளாமலே அப்பா அங்கேயே போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் அம்மா, நான், கைக்குழந்தையாகத் தம்பி. வேளாவேளைக்கு மரவள்ளிக்கிழங்குதான். அதைத் தின்று தின்று அம்மாவுக்குப் பால் வற்றிக்கொண்டே வந்தது. தம்பி சப்பிச் சப்பிப் பார்த்துவிட்டு, எதுவும் வராமல், அம்மாவின் முகத்தையே பார்ப்பான். அழவும் தெம்பில்லாத பிள்ளை.

எங்களுக்கு இருந்த ஒரே துணை கடை மாமா. சாலையோரம் மளிகைக் கடை வைத்திருந்தார். சொந்தமில்லை. அப்பாவுக்கு ஊர்க்காரர், அவ்வளவுதான். ஆனால் அம்மாவைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார், அம்மாவும் வாய் நிறைய அண்ணே என்பாள். அப்பாவைக் கொண்டுபோன அன்று கடையைப் பாதியில் சாத்திவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து, தரையில் உட்கார்ந்து, துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். "நான் ஒருத்தன் இருக்கேன் தங்கச்சி. கூடப் பொறந்தவன்னு நெனைச்சுக்கோ." என்னைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து ஒரு வெல்லத் துண்டை எடுத்து நீட்டுவார். அந்தப் பஞ்சத்தில் வெல்லம்! நான் அந்த மனிதரை எவ்வளவு நேசித்தேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு என் மேலேயே ஆத்திரம் வருகிறது.

போணி என்பது கடைக்காரர்களுக்கு என்னவென்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குத் தெரியாது. காலையில் கடை திறந்ததும் நடக்கிற முதல் வியாபாரம். அது நல்ல கையால் நடந்தால் அன்றைக்கெல்லாம் கல்லா நிறையும் என்று நம்பினார்கள். போணிக்கு வாங்குகிறவர் பேரம் பேசக் கூடாது, கடன் சொல்லக் கூடாது, பொருளைப் புரட்டித் தட்டிப் பார்க்கக் கூடாது. எல்லாவற்றையும்விட முக்கியம், வாங்கினதைத் திருப்பிக் கொண்டுவரக் கூடாது. கொண்டுவந்தால் கடைக்கே தரித்திரம் பிடிக்கும். என் அம்மாவுக்கு ராசியான கை என்று கடை மாமா கண்டுபிடித்திருந்தார். வெளியே எத்தனை பேர் காத்துக் கிடந்தாலும் அம்மா வந்து வாங்கினால்தான் மற்றவர்களுக்குச் சரக்கு. அம்மா கொடுக்கிற வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டைக் கண்ணில் ஒற்றித் தராசுத் தட்டில் வைப்பார். அத்தனை பேருக்கு முன்னால் அப்படி ஒரு மரியாதை. புருஷன் இல்லாமல், நல்ல புடவை இல்லாமல் நின்ற அம்மாவுக்கு அந்தக் காலத்தில் மிச்சமிருந்த பெருமை அது ஒன்றுதான்.

பால் டின்னும் அப்படித்தான் ஒரு காலையில் வந்தது. "கிளேபாங் கரையில படகுல வந்த சரக்கு தங்கச்சி. வெளியில மூச்சு விடாத. மருமகனுக்குன்னு எடுத்து வச்சேன்" என்றார். அம்மா தன் கல்யாணப் புடவையை மடித்து அவர் கையில் கொடுத்துவிட்டு, டின்னை முந்தானைக்குள் மூடிக்கொண்டு வந்தாள். போணிப் பொருள், புரட்டிப் பார்க்கவில்லை. சாமி படத்துக்குக் கீழே வைத்து, தன் பால் சுத்தமாக நிற்கிற அன்றைக்கு உடைக்கலாம் என்று பத்திரப்படுத்தினாள். பக்கத்து வீட்டில் வயசான அம்மா ஒருவர் இருந்தார், பீபிக் என்று கூப்பிடுவோம். மலாக்கா செட்டிக் குடும்பம். தமிழ் வராது, வீட்டுப் பேச்சு மலாய்தான், ஆனால் சாமி கும்பிடுவதில் எங்களை மிஞ்சிவிடுவார். ஆடு வளர்த்தார். அந்த வாரம் வேலியோரம் வந்து, ஒரு கிண்ணம் ஆட்டுப்பால் தினமும் தருகிறேன், குழந்தைக்குக் கொடு என்று மலாயில் சொன்னார். அம்மா சிரித்தபடி, "எங்கிட்ட பால் இருக்கு, சூசு டின் இருக்கு பீபிக். பின் வீட்டுப் பிள்ளைக்குக் குடுங்க, பாவம்" என்று அரைமலாயில் சொல்லி அனுப்பிவிட்டாள். கொஞ்ச நாளில் சிப்பாய்கள் வந்து ஆட்டையும் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

அம்மாவுக்குப் பால் நின்றது. விடிந்ததும் விடியாததுமாக டின்னை எடுத்துக் கத்தியால் மூடியைக் கிழித்தாள். கெட்டியாக மஞ்சள் ஓடிய பாலை எதிர்பார்த்து நானும் விரலை நீட்டிக்கொண்டு நின்றேன். உள்ளே வெள்ளைத் தண்ணீர். கிழங்கு மாவும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர். வெற்றிலைக்கடை வாசனை அடித்தது. அம்மா டின்னைத் தூக்கி அடியைப் பார்த்தபோதுதான் அந்த ஈயப் பொட்டு தெரிந்தது. ஓட்டை போட்டுப் பாலை உறிஞ்சிவிட்டு, இதை ஊற்றி, ஈயம் வைத்து அடைத்திருக்கிறார்கள். அப்போதும் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "ஐயோ பாவம், அண்ணனை எவனோ நல்லா ஏமாத்திட்டான்." தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு, டின்னை மறு கையில் பிடித்துக்கொண்டு, அண்ணனிடம் சொல்லி வேறு வாங்கிவரக் கிளம்பினாள். நானும் பின்னாலேயே ஓடினேன்.

கடைவாசலில் கிழங்குக்கும் உப்புக்கும் நிறையப் பேர் நின்றார்கள். அம்மாவைப் பார்த்ததும் மாமாவுக்கு முகமெல்லாம் பல். "வா தங்கச்சி, உன் கைக்குத்தான் காத்துக்கிட்டு நிக்கிறேன்." அம்மா மற்றவர்களுக்குக் கேட்கக் கூடாதென்று குரலைத் தணித்து விஷயத்தைச் சொன்னாள், டின்னை நீட்டினாள். அவர் டின்னுக்குள் எட்டிப் பார்க்கவே இல்லை. அதுதான். அந்த ஒன்றைத்தான் நான் சாகும்வரை மறக்க மாட்டேன். ஏமாந்தவனாக இருந்தால் எட்டிப் பார்த்திருப்பான். முகர்ந்திருப்பான். எந்தப் பாவி கொடுத்தான் என்று கத்தியிருப்பான். இவர் பார்வையைத் தராசுப் பக்கம் திருப்பிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "போணிச் சரக்கை யாராவது திருப்பிக் கொண்டாருவாங்களா தங்கச்சி? உனக்குத் தெரியாததா?" என்றார்.

அம்மாவுக்கு அந்த இடத்தில்தான் எல்லாம் விளங்கியது. தினமும் காலையில் தனக்கென்று வந்த புழுத்த பருப்பு, ஈர உப்பு, நுரைக்காத சோப்பு எல்லாம் காலத்தின் கோளாறு என்று நினைத்திருந்தாள். வேறு யாருக்குக் கொடுத்தாலும் முகத்தில் எறிந்திருப்பார்கள். திருப்பித் தர முடியாத கை என்று ஒன்று அவருக்கு வேண்டியிருந்தது, அதற்கு ராசியான கை என்று பெயர் வைத்திருந்தார். அம்மா குரலைத் தணிப்பதை விட்டுவிட்டாள். "எனக்குப் புடவை வேணாம்ணே. பாலு குடுங்க. புள்ள பசியில கிடக்கு" என்று கத்தினாள். சரி, நின்றிருந்தவர்கள்? அவர்கள் வீட்டிலும் பிள்ளை இல்லையா? "காலங்காத்தால கடையைக் கெடுக்கிறாளே" என்றாள் ஒருத்தி. "அவரு கோவிச்சுக்கிட்டுக் கதவைச் சாத்திட்டா நாம எங்க போறது? போம்மா" என்றார் ஒருவர். எல்லாரும் நம் ஆட்கள், எங்கள் வீட்டில் சாப்பிட்டவர்கள். அந்தக் கூட்டத்தில் ஒரே ஒரு குரல்தான் அம்மாவுக்காக எழும்பியது. வரிசையின் கடைசியில் நின்ற பீபிக், "தீப்பு! இனி தீப்பு!" என்று கத்திக்கொண்டே முன்னால் வந்தார். ஏமாற்று, இது ஏமாற்று. நாங்கள் பேசிய தமிழ் அவருக்கு முக்கால்வாசி விளங்கியிருக்காது. டின்னைப் பார்த்தார், பிள்ளையைப் பார்த்தார், அது போதுமாக இருந்தது.

ஜப்பான்காரனிடம் போய்ச் சொல் என்று பீபிக் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். அன்றைக்குப் புகார் என்றால் அது ஒன்றுதான் வாசல், அந்த வாசலில் என்ன நடக்கும் என்று டவுனுக்குப் போய் வந்தவர்கள் எல்லாருக்கும் தெரியும். "சொன்னா அவரு தலை போயிடும் பீபிக். அவரு தலையை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எனக்குப் பாலுதான் வேணும்" என்றாள் அம்மா. பால் எங்கேயும் கிடைக்கவில்லை. கிழங்குக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்துப் பார்த்தாள். தம்பிக்கு வயிற்றாலே போய், ஒரு வாரத்தில் அடங்கிவிட்டான். அந்த டின்னால்தான் செத்தான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். அந்த வருஷம் எத்தனையோ வீட்டில் பிள்ளைகள் போயின. ஆனால் அந்த டின் மட்டும் வராமல் இருந்திருந்தால், ஆடு இருந்தவரைக்குமாவது அவன் வயிறு நிறைந்திருக்கும்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். கடை மாமா டவுனில் பெரிய கடை பிடித்தார். ஒரு நாள் தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழத்தோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்! "புதுக்கடைக்கு நீதான் தங்கச்சி போணி பண்ணணும். உன் கை பட்டாத்தான் எனக்கு விளங்கும்." அவர் கண் கலங்கியிருந்தது. நடிப்பில்லை. அந்த மனிதர் அம்மாவின் கையை உண்மையாகவே நம்பினார். அந்தக் கையில்தான் சுண்ணாம்புத் தண்ணீரையும் கொடுத்தார். இது இரண்டும் ஒரே மனசுக்குள் எப்படி இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

அம்மா போனாள். தலை வாரி, பூ வைக்காமல், ஒரு பையை எடுத்துக்கொண்டு போனாள். மாலை போட்ட தராசு, ஊதுவத்தி, பெரிய மனிதர்கள். அம்மா பையிலிருந்து டின்னை எடுத்து மேசைமேல் வைத்தாள். "அண்ணே, இது உங்க கடைச் சரக்கு. இதை வாங்கிக்கிட்டு நல்ல பால் டின்னு ஒண்ணு குடுங்க. இதுதான் என் போணி." மாமாவுக்கு முகம் செத்துப்போனது. குனிந்து, "பழசை ஏன் கிளறுற? அது ஜப்பான் காலம். ஒரு பெட்டிப் பாலே தர்றேன், எடுத்துக்கிட்டுப் போ. அந்த டின்னை மட்டும் உள்ள வை" என்றார். "பெட்டி வேணாம். ஒண்ணு போதும். ஆனா இதை நீங்க உங்க கையால வாங்கணும்." அவர் கையை நீட்டவில்லை. அம்மா டின்னைப் பையில் போட்டுக்கொண்டு என்னைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். வேறு யாரோ போணி செய்தார்கள். கடை ஓஹோவென்று ஓடியது. ராசியாவது மண்ணாங்கட்டியாவது!

போன மாதம் நாங்கள் வாங்கிய சோறாக்கும் குக்கர் இரண்டு நாளில் புகைந்துவிட்டது. பழுதான பொருளை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்றெல்லாம் மருமகள் ரேடியோவில் கேட்டு வைத்திருக்கிறாள். ரசீதை எடுத்தாள், பெட்டியோடு பொருளை எடுத்தாள். "மாத்தித் தரலேன்னா பயனீட்டாளர் தீர்ப்பாயத்துல புகார் குடுத்துடலாம் அத்தை, பயப்படாம வாங்க" என்றாள். கடையில் ஒரு மலாய்க்காரப் பையன் குக்கரை இரண்டு கையாலும் வாங்கினான். மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்தான், முகர்ந்தான், "மாஃப் யா மாக்சிக்" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டுப் புதிதாக ஒன்றை எடுத்து வந்தான். நான் அங்கேயே நின்று அழுதுவிட்டேன். "அதான் புதுசு குடுத்துட்டாங்களே அத்தை, எதுக்கு அழறீங்க?" என்று மருமகள் பதறிப்போனாள். எட்டிப் பார்த்தானே என்று அவளிடம் எப்படிச் சொல்வது?

புதுக் குக்கரோடு அரிசி அளக்கப் பிளாஸ்டிக் கிண்ணம் ஒன்று வந்தது. இனிமேலாவது அந்த டின்னைத் தூக்கிப் போடலாமா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அது நம்முடையது இல்லையம்மா, கடை மாமாவுடையது. அவர் கடைசிவரை வாங்கிக்கொள்ளவில்லை, அதனால் வைத்திருக்கிறேன்.