எட்டு டீச்சர்

வண்டிச் சாவியை ஆள்காட்டி விரலில் மாட்டிச் சுழற்றிக்கொண்டேதான் பேசுகிறார். சாவி கோத்திருக்கும் நாடா நீளமானது. பக்கத்தில் நிற்கிறவர் மூக்குக்கு உத்தரவாதம் கிடையாது. பேச்சு சூடு பிடித்தால் சுழற்சியும் சூடு பிடிக்கும். "வேகம் ரெண்டு மடங்கு ஆச்சுன்னா இழுப்பு நாலு மடங்கு ஆகும் சார். நம்பலைன்னா நீங்களே சுத்திப் பாருங்க" என்று நாடாவை என் விரலில் மாட்டிவிட்டார். சுற்றிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, விரல் சிவந்துவிட்டது.

எல்லோரும் இவரை எட்டு டீச்சர் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஸ்கூட்டர் லைசென்ஸ் வாங்கப் போனால், காலைத் தரையில் ஊனாமல் எட்டுப் போட்டுக் காட்டச் சொல்வார்களே, அந்த எட்டு. சரக்குக் கிடங்குக்குப் பின்னால் உள்ள காலி மைதானத்தில், விடிந்ததும் வெள்ளைப் பொடியால் பெரிய எட்டாக ஒன்றை வரைந்துவிட்டுக் காத்திருப்பார். கற்றுக்கொள்ள வருகிறவர்கள் பெரும்பாலும் நாற்பதைத் தாண்டிய பெண்கள். பாதிப் பேர் வீட்டில் சொல்லாமல் வருகிறவர்கள். காய்கறிப் பையோடு வந்து, எட்டுப் போட்டுவிட்டு, போகிற வழியில் காய் வாங்கிக்கொண்டு ஒன்றும் தெரியாத மாதிரி வீட்டுக்குள் நுழைவார்கள்.

முன்பு பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தியவர். ஏன் விட்டீர்கள் என்று கேட்டேன். "பசங்க சூத்திரத்தைக் கடகடன்னு ஒப்பிப்பாங்க. கேட்டைத் தாண்டினதும் சைக்கிளோட மொத வளைவுலயே விழுவாங்க. நான் என்னத்தைத்தான் சொல்லிக் குடுத்தேன்னு எனக்கே சந்தேகமாப் போச்சு" என்றார். கொஞ்சம் பொறுத்து, பள்ளிக்கூட மணிச் சத்தமே தனக்கு ஆகாது என்றும் சொன்னார். இதில் எது நிஜமான காரணமோ, எனக்குத் தெரியாது.

ஆள் குள்ளம். கோபம் மூக்கு நுனியில் இருக்கும். "வளைவுல வண்டி வெளிய தள்ளுது டீச்சர்" என்று யாராவது சொல்லிவிட்டால் தொலைந்தார்கள். "யாரு தள்ளுறா? ஆளைக் காட்டுங்க, நான் கேக்குறேன். ஒருத்தரும் தள்ளலை. நீங்கதான் நேராப் போவேன்னு அடம் பிடிக்கிறீங்க. ரோடு உங்களை உள்பக்கமா இழுத்துத் திருப்புது. சாஞ்சு குடுத்தா அந்த இழுப்பு கிடைக்கும். விறைச்சுக்கிட்டு உக்காந்தா கிடைக்காது." இதைக் கேட்பதற்காகவே வேண்டுமென்று தள்ளுது தள்ளுது என்று சொல்லிச் சீண்டுகிற குறும்புக்காரிகளும் அங்கே உண்டு.

வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். என்னை உட்காரச் சொல்லிவிட்டு ஆளைக் காணோம். எட்டிப் பார்த்தால், துணி துவைக்கும் மெஷின் மூடிமேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறார். உள்ளே டிரம் சுற்றிக்கொண்டிருந்தது. "துணியை யாரும் பிழியலை சார். டிரம் துணியை விடாம பிடிச்சுச் சுத்துது. தண்ணியைப் பிடிக்க ஆளில்லை, ஓட்டை வழியா அது பாட்டுக்கு நேராப் போயிடுது." சமையலறையிலிருந்து அவர் வீட்டுக்காரர் குரல் கொடுத்தார்: "சார், அந்தத் துணியைக் காயப்போடுறது மட்டும் நான்தான்."

எனக்கு இவரைத் தெரிய வந்தது என் அக்காவால். கல்யாணத்துக்கு முன்னால் ரத்தப் பரிசோதனைப் படிப்பு படித்தவள் அவள். படித்ததோடு சரி. பிள்ளைகள் வெளியூர் போன பிறகு, ஐம்பதைத் தாண்டிய வயதில், ஒரு பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்தது. நடமாட முடியாதவர்களின் வீட்டுக்கே போய் ரத்தம் எடுத்து வரவேண்டும். அதற்கு லைசென்ஸ் வேண்டும். இரண்டு தடவை போய், இரண்டு தடவையும் எட்டின் நடுவில் காலை ஊனிவிட்டு வந்தாள். அதன் பிறகுதான் டீச்சரிடம் சேர்ந்தாள், துணைக்கு நான். மாத முடிவுக்குள் லைசென்ஸோடு வராவிட்டால் வேலை வேறு ஆளுக்கு என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். மாமாவோ, "இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேலை" என்று சாப்பிட உட்காரும்போதெல்லாம் கேட்டார். அக்காவோ, நான் போனால் என் கையை இழுத்து வைத்துக்கொண்டு நரம்பைத் தடவித் தேடுவாள். அவள் விரல் மறந்திருக்கவில்லை.

எட்டு என்பது இரண்டு வட்டம். இடப்பக்கம் சாய்ந்து ஒன்று, நடுவில் நிமிர்ந்து, உடனே வலப்பக்கம் சாய்ந்து இன்னொன்று. நிமிர்கிற அந்த இடத்தில்தான் அக்காவுக்கு வில்லங்கம். வண்டி எந்தப் பக்கமும் இல்லாமல் நிற்கிற மாதிரி அவளுக்குத் தோன்றும், பிரேக்கைப் பிடிப்பாள், கால் தானாகத் தரையைத் தேடும்.

ஒருநாள் டீச்சர் பக்கத்திலேயே ஓடிக்கொண்டு, "ஒரே வேகம் போதும்க்கா, திரும்பறதே முடுக்கம்தான்" என்று கத்தினார். அக்கா காதில் முடுக்கம் விழவில்லை, முறுக்கு என்றுதான் விழுந்தது. முறுக்கினாள் பாருங்கள் ஆக்சிலேட்டரை. வண்டி எட்டை விட்டுக் கிளம்பி வேலியோரப் புதரில் போய்ச் செருகிக்கொண்டது. ஹெல்மெட்டில் இலையும் தழையுமாக எழுந்து வந்தாள். நல்ல வேளை, சிராய்ப்புகூட இல்லை.

"நீங்கதானே முறுக்கச் சொன்னீங்க?"

"ஐயோ அக்கா, நான் முடுக்கம்னு சொன்னேன்."

"அது மட்டும் என்னவாம்? வேகத்தைக் கூட்டறதுதானே?"

"கூட்டினாதான்னு இல்லக்கா. வேகம் அப்படியே இருந்து திசை மாறினாலும் அது முடுக்கம்தான். வட்டத்துல போற எதுவும் ஒவ்வொரு நொடியும் திசை மாறிக்கிட்டே இருக்கு."

அக்கா இலையைத் தட்டிவிட்டபடி யோசித்தாள். "கல்யாணமானதுல இருந்து ஒரே வேகத்துல அந்த வீட்டைச் சுத்திக்கிட்டுத்தான் இருக்கேன். அடுப்படி, கொல்லை, வாசல். அதையும் அப்படிச் சொல்லலாமா?"

"தாராளமா. சுத்திக்கிட்டு இருக்கறவங்களைச் சும்மா இருக்காங்கன்னு யாரு சொன்னா? எந்நேரமும் உள்ள ஒண்ணு இழுத்துக்கிட்டே இருக்குதே."

"அந்தப் பிடி விட்டுப்போச்சுன்னா தூக்கி எறிஞ்சிடும்தானே டீச்சர்? அதான் பயமா இருக்கு."

சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்த டீச்சரின் கை நின்றுவிட்டது. இப்படி ஒரு கேள்வியைப் பள்ளிக்கூடத்தில் யாரும் கேட்டதில்லையாம். "எறியாதுக்கா. அந்த இடத்துல எந்தப் பக்கம் பாத்துக்கிட்டு இருந்தீங்களோ, அந்தப் பக்கம் நேராப் போவீங்க. அவ்வளவுதான்" என்றார்.

அக்கா வண்டியைப் புதரிலிருந்து இழுத்தாள். நானும் ஒரு கை கொடுத்தேன். அன்றிலிருந்து டீச்சர் மைதானத்தில் முடுக்கம் என்ற சொல்லையே எடுப்பதில்லை. "சாஞ்சு குடுங்க, பிரேக்கை மறந்துடுங்க" என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்.

மூன்றாவது தேர்வு மாதத்தின் கடைசி வாரத்தில் வந்தது. இதை விட்டால் அக்காவுக்கு வேறு தேதி இல்லை. கற்றுக்கொடுக்கிறவர்கள் உள்ளே வரக்கூடாது என்று காவலாளி சொல்லிவிட, டீச்சரும் நானும் கம்பி வேலிக்கு வெளியே நின்றோம். அதிகாரி குடைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அக்கா ஹெல்மெட் வாரை இரண்டு தடவை இறுக்கிக்கொண்டாள். டீச்சர் சாவியை நாடாவோடு சுருட்டி உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்திருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அக்கா கிளம்பி இடப்பக்கம் சாய்ந்தாள். டீச்சரும் இடப்பக்கம் சாய்ந்தார். ஒரு வட்டம் முடிந்தது. நடு வந்தது. வண்டி நிமிர்ந்தது. டீச்சர் நிமிர்ந்தார். அக்காவின் வலது கால் பலகையிலிருந்து லேசாக எழும்பியதை நான் கண்ணால் பார்த்தேன். தொலைந்தது என்று நினைத்தேன். அந்த நொடியில் டீச்சர் உடம்பு மொத்தத்தையும் வலப்பக்கம் சாய்த்தார், சாய்த்தார், சாய்த்துக்கொண்டே போய்ப் பொத்தென்று சரளையில் விழுந்தார்.

தூக்கிவிடக் கை நீட்டினேன். கையைத் தட்டிவிட்டார். விழுந்த இடத்திலேயே உட்கார்ந்து கம்பிகளுக்கு நடுவில் முகத்தைப் பதித்துக்கொண்டு, "ஊனிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லை. போய்க்கிட்டு இருக்கா."

இரண்டாவது எட்டிலும் அக்கா நடுவைத் தாண்டினாள். கால் எழும்பவே இல்லை. அதிகாரி கையைத் தூக்கினார். "போதும்மா, பாஸ். நிறுத்துங்க."

ஹெல்மெட்டுக்குள் அது கேட்டிருக்காது. அல்லது கேட்டும் இருக்கலாம். அக்கா நிறுத்தவில்லை, மூன்றாவது தடவையாக இடப்பக்கம் திரும்பினாள். உள்ளங்கையில் சரளை குத்தியிருக்க, புடவையெல்லாம் புழுதியாக, டீச்சர் உட்கார்ந்தபடியே மெல்ல இடப்பக்கம் சாயத் தொடங்கினார்.