ரெங்கம்மாளின் ஒன்பது நாள் கம்போடியா

உசிலம்பட்டி மாட்டுச் சந்தையில் ரெங்கம்மாளைத் தெரியாத வியாபாரி கிடையாது. வயது ஐம்பத்தைந்து. அவளுடைய அப்பா மாட்டுத் தரகு பார்த்தவர். அவர் இடுப்பு முறிந்து படுத்த வருஷம், பத்தொன்பது வயதில், அவருக்குப் பதிலாகச் சந்தைக்குள் போனவள்தான். பிறகு அந்த வேலையை விடவே இல்லை. ஒரு மாட்டை முதலில் இருபதடி தள்ளி நின்று நடக்கவிட்டுப் பார்ப்பாள். அப்புறம் பக்கத்தில் போய் வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பாள். அவள் வேண்டாமென்று சொன்ன மாட்டை வாங்கிக்கொண்டு போனவர்கள் அடுத்த வாரம் தலையைச் சொறிந்தபடி வந்து நிற்பது வழக்கம்.

கணவர் சுருளி முப்பத்தொரு வருஷம் லாரி ஓட்டியவர். நாசிக், நாக்பூர், குவாஹாத்தி என்று நாடு முழுக்கச் சுற்றியவர். கண்ணில் புரை எடுத்த பிறகு வண்டியை விட்டுவிட்டு வீட்டோடு இருந்தார். ரெங்கம்மாள் பார்த்த வெளியூர்கள் பழனி, திருச்செந்தூர், ஒரே ஒரு தடவை திருப்பதி. அதைப் பற்றி அவள் குறைபட்டுக்கொண்டதில்லை. வாராவாரம் சந்தை கூடும்போது எந்த ஊருக்கு என்று போவது?

கோச்சடையில் இருக்கும் மகள் தமிழ்ச்செல்வி வீட்டுக்குப் போயிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் எல்லாம் ஆரம்பித்தது. மகள் டிவியில் ஏதோ பயண வீடியோ ஓடவிட்டிருந்தாள். பெரிய கல் சுவர், அது முழுக்கச் சிற்பம். கேமரா நகர்ந்துகொண்டே போனது.

"ஏத்தா, நிறுத்து. கொஞ்சம் பின்னால போ."

மகள் பின்னால் போய் நிறுத்தினாள். திரையில் ஒரு மாட்டு வண்டி. நுகத்தடியில் இரண்டு மாடு, பக்கத்தில் கம்போடு ஒரு ஆள். ரெங்கம்மாள் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"இது எந்த ஊரு?"

"கம்போடியாம்மா. பாயோன்னு ஒரு கோயிலு. கட்டி எண்ணூறு வருஷம் ஆச்சாம்."

"இதச் செதுக்குனவன் மாட்டுக்குப் பின்னால நடந்தவன். பாரு, எடத்து மாடு இழுக்குது. வலத்து மாடு கழுத்த ஒதுக்கிக்கிட்டு ஏமாத்துது. வளத்தவனுக்குத்தான் இது தெரியும்."

வீடியோ முடிந்தது. சாப்பிட்டார்கள். கை கழுவிவிட்டு வந்து ரெங்கம்மாள் சொன்னாள்: "நான் அந்தச் செவத்த நேர்ல பாக்கணும். நானும் உங்கப்பாவும் போறோம்."

தமிழ்ச்செல்வி சிரிக்கவில்லை. அம்மா ஒன்றைச் சொன்னால் அது நடக்கும் என்பதை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்தவள். அடுத்த வாரமே மதுரையில் ஒரு டிராவல்ஸ் அலுவலகத்துக்கு அழைத்துப் போனாள். அங்கே இருந்தவர் வண்ணப் புத்தகம் ஒன்றை விரித்துக் காட்டினார். ஏழு நாள், மூன்று நாடு, கூடவே தமிழ்ச் சமையல்காரர்.

"கம்போடியாவுல எத்தன நாளு தம்பி?"

"ஒன்றரை நாள்மா. எல்லா முக்கியமான இடமும் கவர் ஆயிரும்."

"பாயோன் கோயில்ல எம்புட்டு நேரம் நிப்பீக?"

அவர் கணினியைப் பார்த்துவிட்டு, "நாற்பது நிமிஷம்" என்றார். "அப்புறம் ஷாப்பிங் இருக்கு."

"ஒரு சோடி மாடு பாக்கவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். எண்ணூறு வருஷத்துக் கோயில நாப்பது நிமிஷத்துல என்னத்தப் பாக்குறது?" என்றாள் ரெங்கம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி அவர் பக்கம் தள்ளி வைத்துவிட்டு, "வாரேன் தம்பி" என்று எழுந்துகொண்டாள்.

படியிறங்கும்போது மகளிடம் சொன்னாள்: "நம்மளே போட்டுக்குவம்."

அன்றிலிருந்து திட்டம் போடுவது ரெங்கம்மாளுக்கு இன்னொரு வேலையாயிற்று. காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் எழுதினாள். எழுத்துக் கூட்டித்தான் எழுதுவாள். ஆனால் எழுதியது தெளிவாக இருக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மகள் போனில் கூப்பிடுவாள். அம்மா கேட்பாள், மகள் தேடிச் சொல்வாள். அங்கே மழை எப்போது? வெயில் எப்போது? கோயிலுக்குள் தோள் தெரியப் போகக்கூடாதாமே, சேலைக்கு ஒன்றும் சொல்லமாட்டார்களே? சோறு கிடைக்குமா? சோறும் மீனும்தான் அந்த ஊர்ச் சாப்பாடே என்று தெரிந்ததும் சாப்பாட்டுக் கேள்விகள் அதோடு நின்றன.

தேதி முடிவு செய்வதில்தான் சிக்கல். கம்போடியாவில் கார்த்திகையிலிருந்து மாசி வரை நல்ல காலம் என்றாள் மகள். ஆனால் வீட்டுச் செவலைப் பசு மார்கழிக் கடைசியில் கன்று போடும். பொங்கலுக்கு முன்னால் சந்தையை விட்டு நகர முடியாது. ரெங்கம்மாள் யோசித்துத் தை மாதக் கடைசி வாரத்தைக் குறித்தாள். கன்றுக்கு ஒரு மாதம் ஆகியிருக்கும்; சந்தையும் ஓய்ந்திருக்கும். கொழுந்தன் மனைவி கனகா மாடுகளைப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள்.

"அக்கா, நீ போயிட்டு வா. கன்னுக்குட்டிய எம்பிள்ள மாதிரிப் பாத்துக்கிறேன்."

"எம்பிள்ள மாதிரிப் பாரு. உம்பிள்ள மாதிரிப் பாத்தியன்னா அதுவும் பள்ளிக்கூடம் போகாது" என்றாள் ரெங்கம்மாள். கனகா விழுந்து விழுந்து சிரித்தாள்.

பாஸ்போர்ட்டுக்கு எழுதிப்போட உட்கார்ந்தபோது, ஒரு அடையாள அட்டையில் ரெங்கம்மாள் என்றும் இன்னொன்றில் ரங்கம்மாள் என்றும் இருப்பது தெரிந்தது. பிறந்த வருஷமும் இரண்டு விதம். ஐந்தாம் வகுப்பு வரை படித்த பள்ளிக்கூடத்துக்கே போய்ச் சான்றிதழ் வாங்கினாள். அதை வைத்து மற்றவற்றைத் திருத்த இரண்டு மாதம் ஆனது. அவள் அலுத்துக்கொள்ளவில்லை. "அம்பத்தஞ்சு வருசமா ரெண்டு பேரா இருந்திருக்கேன். இப்பத்தான் ஒருத்தி ஆனேன்" என்று சந்தையில் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

எல்லாம் கூடிவந்த நேரத்தில் சுருளி வரவில்லை என்றார்.

"நீயும் மகளும் போயிட்டு வாங்க. நான் மாட்டப் பாத்துக்கிறேன்."

ரெங்கம்மாள் மாட்டைப் பார்க்கிற மாதிரியே இரண்டு நாள் அவரைப் பார்த்தாள். விமானம் பற்றிப் பேச்சு வந்தால் எழுந்து வெளியே போனார். டிவியில் விமானம் வந்தால் சேனலை மாற்றினார். மூன்றாம் நாள் காபி கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"பயமா இருக்கா?"

சுருளி டம்ளரையே பார்த்தார். "அம்புட்டு மலைப்பாதையிலயும் வண்டி ஓட்டியிருக்கேன். ஸ்டியரிங் என் கையில இருக்கும். இது எவனோ ஓட்டுறான், அவன் மூஞ்சியக் கூடப் பாக்க முடியாது."

"முப்பத்தொரு வருசம் உங்க மூஞ்சியப் பாக்காமத்தான நான் இங்க படுத்துத் தூங்குனேன்" என்றாள் ரெங்கம்மாள்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அவள் காலண்டர் தாள் ஒன்றை அவர் முன்னால் வைத்தாள்.

"வானத்துல போறத எவனோ பாத்துக்கட்டும். எறங்குனதுக்கு அப்புறம் ரோட்டுல எப்படிப் போறது, எது முன்ன எது பின்ன, அத நீங்க சொல்லுங்க. எனக்கு அது தெரியாது."

உண்மையிலேயே அவளுக்கு அது தெரியாது. சுருளி அன்று சாயங்காலம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மறுநாள் மகளிடம் மேப் கேட்டார். பாயோன் கோயில் இருக்கும் சியெம் ரீப் ஊரிலிருந்து விமான நிலையம் எவ்வளவு தள்ளி இருக்கிறது, எந்தக் கோயிலுக்கு எந்த வாசல் வழியாகப் போனால் வெயில் முதுகில் அடிக்கும் என்றெல்லாம் பட்டியல் போட்டார். ஒரு நாள் வேகமாக வந்து, "அங்க வலது பக்கம் ஓட்டுறாய்ங்க. கவனமா ரோட்டத் தாண்டணும்" என்றார். விமானம் பற்றி அப்புறம் அவர் பேசவில்லை.

தை மாதக் கடைசியில் இருவரும் ஒன்பது நாள் பயணமாகக் கிளம்பினார்கள். மதுரை, சென்னை, பாங்காக், சியெம் ரீப். முதல் விமானம் ஏறும்போது சுருளி அவள் கையைப் பிடித்த பிடியில் வளையல் ஒன்று நெளிந்தது. இரண்டாவதில் தூங்கிவிட்டார்.

மூன்றாம் நாள் காலையில், கூட்டம் வருமுன், பாயோன் சுவருக்கு முன்னால் நின்றார்கள். ரெங்கம்மாள் வண்டியைக் கண்டுபிடித்தாள். இருபதடி தள்ளி நின்று பார்த்தாள். பக்கத்தில் போய்ப் பார்த்தாள். அரை மணி நேரம் கழித்துச் சுருளியைக் கூப்பிட்டாள்.

"நான் தப்பாச் சொல்லிட்டேங்க."

"என்னத்த?"

"வலத்து மாடு ஏமாத்துதுன்னு சொன்னேன். கழுத்துல கல்லு பேந்திருக்கு, அதுதான் அப்படித் தெரிஞ்சிருக்கு. காலப் பாருங்க. ரெண்டும் சமமாத்தான் இழுக்குது."

சொல்லும்போது அவள் முகத்தில் வெட்கம் இல்லை. விலைக்கு வந்த மாடு நினைத்ததைவிட நல்ல மாடு என்று தெரிந்தால் வரும் சந்தோஷம்தான் இருந்தது. பிறகு மற்றவற்றையும் பார்த்தாள். அடுப்பில் பானை ஏற்றுகிறவர்கள், சேவல் சண்டை விடுகிறவர்கள், மீன் விற்கிற பெண்கள். வெயில் ஏறும் வரை நகரவில்லை.

ஏழாம் நாள் மத்தியானம் ஒரு அருங்காட்சியகம் என்று தாளில் இருந்தது. அதற்கு முன்னால், அவர்களைத் தினமும் ஏற்றிப் போன ஆட்டோக்காரர் தன் வீட்டுக்கு வரச்சொல்லிக் கூப்பிட்டார். அவரும் சுருளியும் அதற்குள் சைகையிலேயே என்ஜின் பேசுகிற அளவுக்குச் சிநேகமாகியிருந்தார்கள். வழியெல்லாம் பனைமரம், அறுத்த வயல். வீட்டுக்குப் பின்னால் வெள்ளை மாடு இரண்டு கட்டிக் கிடந்தன. ஒன்று எழுந்து நடந்ததுமே ரெங்கம்மாள் நின்றுவிட்டாள்.

"பின்னங்காலு சரியில்ல. புடிங்க அத."

ஆட்டோக்காரரின் மாமனார் தடுக்க வந்தார். அவள் அவரைப் பார்த்துத் தலையசைத்த விதத்தில் என்ன புரிந்ததோ, அவரே மாட்டின் தலைக்கயிற்றைப் பிடித்துக்கொண்டார். சுருளி காலைத் தூக்கிப் பிடித்தார். குளம்புப் பிளவுக்குள், சேறு காய்ந்து மூடிய இடத்தில், மூங்கில் சிம்பு ஒன்று ஏறியிருந்தது. தண்ணீர் விட்டு ஊறவைத்து, கொண்டை ஊசியால் நெம்பி அதை எடுத்தாள். மஞ்சள் வேண்டும் என்று எப்படியோ புரியவைத்து வாங்கி அரைத்துப் பூசினாள். மாடு காலை ஊன்றிப் பார்த்தது. இன்னொரு எட்டு வைத்தது.

கிழவர் அந்தச் சிம்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வீட்டுக்குள் பார்த்து ஏதோ சத்தமாகச் சொன்னார். பாய் விரித்தார்கள். சோறு, மீன் குழம்பு, பனைவெல்லம். சுருளி இரண்டாம் முறை சோறு வாங்கிக்கொண்டார்.

"மியூசியத்த அஞ்சு மணிக்கெல்லாம் மூடிருவாகளாம். இப்பக் கெளம்புனாத்தான் பாக்கலாம்" என்றார்.

ரெங்கம்மாள் காலை நீட்டி உட்கார்ந்து ஒரு துண்டு வெல்லத்தை வாயில் போட்டாள். கிழவரின் மனைவி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அவளுடைய சேலைக் கரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க சாப்பிடுங்க" என்றாள் ரெங்கம்மாள். "பொழுது சாயத்தான் கெளம்புறோம்."