சக்கரத்துக்குப் பின்னால் கிடந்த கல்

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது என்பார்கள். சொன்னவர் எங்கள் தெருவைப் பார்க்காதவர். மைசூரில் நாங்கள் குடியிருந்த தெரு, மெயின் ரோட்டிலிருந்து ஏறிவரும் மேடு. ஓர் ஆயுத பூஜையன்று காலையில் என் கார், ஓட்டுகிற ஆள் இல்லாமல், என் மனைவியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டு அந்த மேட்டில் பின்பக்கமாக இறங்கிப் போனதை நான் பார்த்தேன்.

கார் எனக்கு முன்பே பிறந்தது. சீமையிலிருந்து கப்பலில் வந்ததாம். ஆமை மாதிரி முதுகு, தவளை மாதிரி கண். என்னோடு வேலை பார்த்தவர் வீட்டுக் கொட்டகையில் அதற்குள் கோழிகள் அடைந்துகொண்டிருந்தன. தொண்ணூறுகளின் நடுவில் நான் அதை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது, கிழட்டு யானைக்கும் தீனி ஒன்றுதான் என்றாள் மனைவி. ஒவ்வொன்றாகச் சரிசெய்து ஓட வைத்துவிட்டேன். ஹேண்ட் பிரேக் மட்டும் பாக்கி நின்றது. கம்பியை இழுத்தால் மேலே வரும், கிர்ர் கிர்ர் என்று சத்தமும் வரும். ஆனால் பின்சக்கரத்துக்குச் சேதி போகாது. அடியில் ஓடும் கேபிள் துருவேறி இறுகிக் கிடந்தது. ஆகவே எங்கே நிறுத்தினாலும் சக்கரத்துக்கு ஒரு கல். வீட்டு வாசலில் அதற்கென்றே ஒரு கருங்கல் வைத்திருந்தோம்.

அந்த வருஷம் தசரா விடுமுறைக்குக் கொள்ளேகாலிலிருந்து என் அக்கா வந்திருந்தாள். பண்டிகை முடிந்ததும் அவளையும் ஏற்றிக்கொண்டு மாதேஸ்வரன் மலைக்குப் போவதாகத் திட்டம். மலை வளைவுகளில் இந்தக் கல்லைத் தூக்கிக்கொண்டு யார் ஓடுவது? ஹேண்ட் பிரேக் பிடித்தால்தான் வருவேன் என்று மனைவி உறுதியாகச் சொல்லிவிட்டாள். மண்டி மொஹல்லா சந்து ஒன்றில் கார் ரிப்பேர்ப் பட்டறை வைத்திருந்த மேஸ்திரியைக் கூப்பிட்டேன்.

பூஜைக்கு முதல் நாள் அவர் வந்து காருக்கு அடியில் படுத்தார். புதுக் கேபிள் போட்டார். பின்சக்கர டிரம்மைக் கழற்றி, தேய்ந்த பிரேக் கட்டைகளை மாற்றினார். கடைசியில், கேபிளின் நுனியைச் சக்கரத்துப் பிரேக்கோடு சேர்க்கும் விரல் நீள இரும்புப் பின் ஒன்றை வெளியே எடுத்து என் கையில் வைத்தார். மென்று துப்பின வேப்பங்குச்சி மாதிரி தேய்ந்திருந்தது. இது இல்லாவிட்டால் கேபிள் தனி, பிரேக் தனி என்றார். புதுசு வாங்கலாம் என்றால் பண்டிகைக்காகக் கடைகளை எப்போதோ சாத்திவிட்டார்கள். ஓர் ஆணியை வளைத்துப் போட்டால் என்ன என்று கேட்டேன். "ஆதுரகாரனிகெ புத்தி மட்ட" என்று கன்னடத்தில் ஒரு பழமொழியைப் போட்டார். அவசரக்காரனுக்குப் புத்தி குறைவு. அவர் பேச்சே பாதி கன்னடம், பாதி தமிழ். தெரிந்தவர் ஒருவரிடம் சொல்லிப் பின்னை வாங்கிக்கொண்டு காலையில் வருவதாகச் சொல்லி, டூல்ஸ் பெட்டியை எங்கள் வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார்.

சொன்னபடி வந்தார். சட்டைப் பையில் பின்னும் இருந்தது. ஆனால் அதற்குள் அக்கா எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிட்டாள். அருவாமணை, அரிவாள், தையல் மெஷின், அவற்றோடு அவருடைய பெட்டியும். ஒவ்வொரு ஸ்பேனரையும் துடைத்து, மஞ்சள் குங்குமம் இட்டு, ஆளுக்கொரு செவ்வந்திப் பூ வைத்திருந்தாள். மேஸ்திரி செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார். பூஜைக்கு உட்கார்ந்த சாமானை அன்றைக்குத் தொடக் கூடாது, மறுநாள்தான் எடுக்க வேண்டும். அவருக்கும் அதுதான் வழக்கம், எங்களுக்கும் அதுதான். யாரும் மறுத்துப் பேசவில்லை. புதுப் பின் அவர் சட்டைப் பையிலேயே இருந்தது.

சக்கரத்தைச் சுற்றிலும் கழுவ வேண்டுமென்று காரை நியூட்ரலில் போட்டு முன்னால் தள்ளினோம். பின்சக்கரத்துக்குக் கல்லை அண்டக் கொடுத்தோம். முன்சக்கரங்களுக்கு எதிரே எலுமிச்சம்பழம். மனைவி இடது பக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் பூச்சரம் கட்டிக்கொண்டிருந்தாள். நான் முன் விளக்குக்கு மாலை போட்டேன். அக்கா சூடம் சுற்றினாள். அடுத்து தேங்காய் உடைக்க வேண்டும். அரிவாள்தான் பூஜையில் இருக்கிறதே. கல்லில்தான் உடைக்க வேண்டும். அக்கா சுற்றும்முற்றும் பார்த்தாள். கண்ணில் பட்டது ஒரே ஒரு கல். காட்டு வேலை செய்து உரமேறிய கை அவளுடையது. ஒரே ஆட்டில் உருவிவிட்டாள்.

எனக்கு அது தெரியாது. நான் பார்த்தது எலுமிச்சம்பழத்தை. சக்கரத்தோடு ஒட்டியிருந்த பழம் தனியாக நின்றது. பழம் நகரவில்லையே, பின்னே இடைவெளி எப்படி வந்தது என்று ஒரு கணம் யோசித்தேன். பிறகுதான் நிமிர்ந்தேன். கார் போய்க்கொண்டிருந்தது.

மனைவியின் முகம் என்னைப் பார்த்தபடியே என்னைவிட்டு விலகிப் போனது. பல்லில் பூ நார். நாங்கள் விளையாடுகிறோம் என்று நினைத்தாள் போலிருக்கிறது, முதலில் சிரித்தாள். அப்புறம் சிரிப்பு நின்றது. அவளுக்கு ஓட்டத் தெரியாது. தெரிந்தது ஹேண்ட் பிரேக் ஒன்றுதான். குனிந்து இழுத்தாள். அந்தக் கிர்ர் கிர்ர் எனக்குக் கேட்டது. கார் நிற்கவில்லை. நான் எட்டி விளக்கைப் பிடித்தேன். மாலைதான் கையோடு வந்தது. மேஸ்திரி வெறுங்காலோடு கதவுப் பக்கம் ஓடினார். கீழே மெயின் ரோட்டில் பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

தெருமுனையில் ஒருவர் திருஷ்டிப் பூசணிக்காயை மலையாகக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார். காரைப் பார்த்ததும் துள்ளி விலகினார். கார் குவியலின் மேல் ஏறியது. காய்கள் ஒவ்வொன்றாக நொறுங்குகிற சத்தம். ஒரு சாய்வாய் ஏறி, உருண்டு விழுந்த காய்களுக்கு நடுவே நின்றது. அதன் பின்னாலேயே ஹாரன் அடித்துக்கொண்டு ஒரு பஸ் போயிற்று.

ஓடிப்போய்க் கதவைத் திறந்தேன். அவள் அழவில்லை. நாரை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னாள்: "நான் இழுத்தேங்க. ரெண்டு தடவ இழுத்தேன்."

பூசணிக்காய்க்காரர்தான் பேசினார். காலையிலிருந்து ஊரே வந்து ஒவ்வொன்றாக வாங்கிப்போய் உடைக்கிறது, நீங்கள் ஒருத்தர்தான் வண்டியோடு வந்து மொத்தமாக உடைத்திருக்கிறீர்கள், இனி ஏழு தலைமுறைக்கு உங்களுக்குக் கண் படாது என்றார். கூடியிருந்தவர்கள் சிரித்தார்கள். என்னால் முடியவில்லை. மேலே வாசலில் அக்கா கல்லை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாள். தேங்காய் உடையாமல் பக்கத்தில் கிடந்தது. நான் ஏறிப்போய் அவள் முன்னால் நின்றேன்.

"கல்லு கல்லாட்டந்தான தம்பி கெடந்துச்சு" என்றாள். "அதுதான் உன்ற பிரேக்குன்னு ஆரு கண்டா?"

தெருவே சேர்ந்து காரை மேலே தள்ளி, முன்சக்கரம் எலுமிச்சம்பழத்தைத் தொட்டதும் பின்னால் கல்லை வைத்தது. வந்ததும் மனைவி மேஸ்திரியிடம் சொன்னாள்: "அந்தப் பின்ன இப்பவே போடுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். இன்றைக்கு எப்படி என்று இழுத்தார். அக்கா எழுந்து உள்ளே போய்ப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"எடுத்து வெச்சவ நானு. சாமி கோவிச்சுக்கிட்டா என்னையக் கோவிச்சுக்கட்டுமுங். நீங்க வேலையப் பாருங்."

மேஸ்திரி ஸ்பேனரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். குங்குமத்தைத் துடைக்காமலே அடியில் நுழைந்தார். வெளியே வந்தபோது கையில் கிரீஸும் குங்குமமும் கலந்து ஏதோ பலி கொடுத்த கை மாதிரி இருந்தது. அந்தப் பின் உட்கார்ந்துவிட்டது, இழுத்துப் பாருங்கள் என்றார்.

யார் பார்ப்பது? நான் ஏறுவதற்குள் மனைவி மறுபடியும் அதே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. இழுத்தாள். அதே கிர்ர் கிர்ர்தான். ஆனால் கடைசியில் கம்பி கனத்து, நெஞ்சை நிமிர்த்தி நின்றது. கல்லை எடுக்கச் சொன்னாள். அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேஸ்திரி குனிந்து எடுத்தார்.

எலுமிச்சம்பழத்தையே பார்த்தேன். சக்கரம் அதைவிட்டு அசையவில்லை.

"நின்னுடுச்சு, கைய எடுங்க" என்றாள் உள்ளிருந்து. அப்போதுதான் தெரிந்தது, நான் விளக்கை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். எடுக்க எனக்கு இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது.