துறைமுகத்தில் கூப்பிட்ட பெயர்

டர்பன் துறைமுகத்தில் தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதை என் நாத்தனார் பல ஆண்டுகள் ஒரு குற்றமாகவே சுமந்துகொண்டிருந்தார்.

தாயில்லாத என் கணவரை இடுப்பில் தூக்கி வளர்த்தவர் அவர்தான். மணமாகித் தென்னாப்பிரிக்காவிலுள்ள நேட்டாலுக்குப் போன பிறகு தம்பியையும் அங்கே வரவழைக்க ஆசைப்பட்டார். முன்பே குடியிருந்ததற்குச் சான்றிதழ் இல்லாத நம்மவர்களை அங்கே இறங்க விடாத காலம் அது. பெரியப்பா மகன் ஒருவர் நேட்டாலிலிருந்து ஆம்பூருக்குத் திரும்பி வந்து இறந்துபோயிருந்தார். அவருடைய சான்றிதழை எடுத்துக்கொண்டு, அவர் பெயரிலேயே இவர் கப்பல் ஏறினார். அப்போது இவருக்கு வயது பத்தொன்பது.

கப்பலைத் துறையில் கட்டியதும், கரையில் நின்ற கூட்டத்திலிருந்து நாத்தனார் இவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூவினார். இவரும் "அக்கா!" என்று கையை ஆட்டிவிட்டார். பக்கத்தில் ஓர் அதிகாரி நின்றிருந்தார். சிறிது நேரத்தில் இவர் இறங்கக் கூடாதென்று உத்தரவாயிற்று. வந்த கப்பலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உண்மையில் காரியம் காலையிலேயே கெட்டிருந்தது. கப்பல் கடலில் நங்கூரமிட்டு நின்றபோதே பெருவிரல் பதிவை எடுத்துச் சான்றிதழோடு ஒப்பிட்டுவிட்டார்கள். அது பொருந்தவில்லை. இதைப் பிறரைக் கொண்டு இவர் அக்காவுக்கு எத்தனையோ முறை எழுதினார். மணமாகி வந்த பின் நானே எழுதியிருக்கிறேன். "என் மனசு நோவக்கூடாதுன்னு சொல்றான்" என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வரும். வெளியிடங்களில் தம் பிள்ளைகளைக்கூட அவர் பெயர் சொல்லி அழைப்பதில்லையாம்; கைதட்டித்தான் கூப்பிடுவாராம்.

பிற்பாடு நாத்தனார் நோயில் விழுந்தார். "நேர்ல போயி கையப் புடிச்சிக்கினு சொன்னாத்தான் நம்புவா" என்றார் இவர். மூன்று மாதம் தங்கிவர அனுமதி கேட்கும் படிவத்தை வரவழைத்தோம். அது ஆங்கிலத்தில் இருந்தது. மிஷன் பள்ளியில் ஆசிரியையாக இருந்த நான்தான் அதை நிரப்பினேன். ஒரு கேள்வியில் என் பேனா நின்றது: இதற்கு முன் இந்நாட்டுக்குள் நுழைய உங்களுக்கு அனுமதி மறுக்கப்பட்டதுண்டா?

இவர் வேலை செய்த, தோல் பதனிடும் ஷாப்பின் குமாஸ்தா, இவருடைய நெடுநாள் சிநேகிதர், அன்று வீட்டுக்கு வந்திருந்தார்.

"இல்லன்னு எழுதுங்க டீச்சரம்மா. இதுக்குப் போயி இன்னா பேஜாரு? என் தோஸ்த் கட்டவிரலப் பாருங்க. இருபது வருசமா சுண்ணாம்புத் தொட்டியில ஊறி மொழுக்குன்னு கீது. எந்த தொர வந்து இன்னாத்தப் பாப்பான்?"

"அப்ப அன்னிக்கி போனது செத்துப்போன எங்கண்ணன்தான்னு சொல்லிடலாமா?" என்று இவர் சிரித்தார்.

"சொல்லேன். அவுரு வந்து இல்லேன்னு சொல்லப் போறாரா?"

இவர் கையை எடுத்துப் பார்த்தேன். பெருவிரல் புளியங்கொட்டைபோல வழவழப்பாக இருந்தது. குமாஸ்தா சொன்னதில் தவறில்லை. பொய் சொல்லாதே என்று நாள்தோறும் பிள்ளைகளுக்குக் கற்பித்த நானே, "இல்லைன்னே எழுதிடட்டுமா?" என்று கேட்டேன்.

"வாணாம். பொய் சொல்லி எறங்கிப்புட்டு, அவ எதுர்ல ஒக்காந்து நான் சொல்றது நெசம்னு எப்டிச் சொல்றது?"

'ஆம்' என்று எழுதினேன். நடந்ததையெல்லாம் தனித்தாளில் விளக்கி, நோயுற்ற தமக்கையைப் பார்க்க இரக்கம் காட்டும்படி வேண்டிக்கொண்டேன்.

நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. அனுமதி மறுக்கப்பட்டிருந்தது. நான் முதல் வரியைத் தமிழில் சொன்னதும் இவர் எழுந்து போய் வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்கும் மேலே படிக்க மனமில்லை. ஆயினும் காரணம் என்னவென்று தெரிய வேண்டுமே என்று படித்தேன். பழைய பதிவேட்டிலிருந்து எடுத்து எழுதியிருந்தார்கள்: இன்னொருவர் சான்றிதழில் வந்தவர், கப்பல் துறைக்கு வருமுன் நடந்த சோதனையிலேயே பெருவிரல் பதிவு பொருந்தாமற்போனதால் திருப்பி அனுப்பப்பட்டவர்.

இவர் சட்டென்று திரும்பினார். "துறைக்கு வர்றதுக்கு முந்தியேன்னு போட்டுக்கீதா?"

"ஆமாங்க."

"சர்க்கார் முத்திரை?"

"அதுவும் இருக்கு."

"அப்ப அதையே அனுப்பு."

அசலையே, கீழே தமிழில் பொருள் எழுதி, டர்பனுக்கு அனுப்பினோம். ஆங்கிலம் தெரிந்த நான்கு பேரிடம் தனித்தனியாகக் கொடுத்துப் படிக்கச் சொன்னாராம் நாத்தனார். நான்கு பேரும் ஒன்றுபோலவே சொன்ன பிறகு, மகளைக் கொண்டு எங்களுக்கு எழுதினார்: "வெள்ளக்காரன் எனக்கோசரம் பொய் எழுத மாட்டான். நம்பிட்டேன்டா தம்பி. ஆனா அறிவுகெட்டவனே, அடுத்தவன் பேருல வந்தவன், நான் கூப்ட்டா வாய மூடிக்கினு நிக்க வேண்டியதுதானே? கைய எதுக்குடா ஆட்டின?"

அதைக் கேட்டு இவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். அதுவரை வந்த கடிதம் எதிலும் அக்கா இவரைத் திட்டியதே இல்லை.

இருவரும் கடைசிவரை சந்திக்கவில்லை. ஆனால் அதன்பின் வந்த ஒவ்வொரு கடிதத்திலும் வசை தாராளமாக இருந்தது. அவற்றை உரக்கப் படித்துக்காட்டும்போது சில சொற்களை நான் விழுங்கிவிடுவேன். இவர் எப்படியோ கண்டுகொண்டு, "நடுவுல இன்னாத்தயோ உட்டுட்ட" என்பார்.